ஆறாவது அட்டை

போன மாதம் உங்கள் கிளைச் செயலாளர் தம்பி என்னை அழைத்து, "ஐயா, கூட்டத்தைத் தள்ளி வைச்சிட்டம். புரொஜெக்டர் பழுதாப் போச்சு" என்றார். வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எனக்கு வீட்டில் கடும் உத்தரவு. ஆனால் அதே தம்பி இரண்டு நாள் கழித்து மறுபடியும் அழைத்து, ஆண்டு மலருக்கு எங்கள் காலத்துக் கிளைச் செயற்பாடுகளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். பேசுவதற்குத்தான் தடை, எழுதுவதற்கு இல்லை. எழுதுகிறேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, எங்கள் காலத்தில் புரொஜெக்டர் ஒருநாளும் பழுதானதில்லை. ஏனென்றால் அது எங்களிடம் இருந்ததில்லை. மின்சாரமும் இருக்கவில்லை. நான் சொல்வது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் போரால் கரண்ட் நின்று இரண்டு வருடம் ஆகப் போகிறது. எங்கள் கணினித் தொழிலர் சங்கத்தின் கிளை ஒன்று மட்டும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. மழை இல்லாத ஊரில் குடை திருத்துபவர்கள் சங்கம் நடத்துவதைப் போன்ற காரியம்தான். அப்போது எங்களுக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

கிளையில் பதின்மூன்று பேர் இருந்தோம், செயலாளர் நான். கணினி ஒன்று. ஒருவர் சவர்க்காரம் காய்ச்சி விற்றார். ஒருவர் உயர்தர மாணவருக்குக் கணிதம் படிப்பித்தார். வங்கி ஒன்றில் இயந்திரங்களைப் பராமரித்த பரமு அண்ணை வெங்காயம் நட்டார். நான் ஒரு திணைக்களத்தில் தரவு பதியும் பகுதிக்குப் பொறுப்பு. தரவு வந்துகொண்டே இருந்தது, பதிவதற்குத்தான் வழியில்லை. அதனால் தாள்களை அடுக்கிக் கட்டி, கட்டுகளுக்கு இலக்கம் போடுவது என் தொழிலாக இருந்தது.

எங்கள் ஒரே கணினி கொக்குவிலில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கும் ரியூட்டரி ஒன்றின் பின்னறையில் இருந்தது. அதை உரப்பையால் சுற்றி, மேலே சாக்குப் போட்டு, எறும்பு ஏறாமல் மேசைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் வைத்திருந்தோம். மாதம் ஒருமுறை நான் போய்ச் சிரட்டைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருவேன். அது பராமரிப்புப் பதிவேட்டில் ஏறும்.

எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அவர் இல்லாத காலத்திலும் அதை மதிக்கிறேன். கூட்டம் நான்கு மணிக்கு என்றால் நான்குக்குத் தொடங்குவார். ஒருநாள் நானும் அவரும் மட்டும் இருந்தபோதும், நேரமானதும் எழுந்து நின்று என்னை வரவேற்றுப் பேசினார். கூட்டக் குறிப்பில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், அலங்காரம் கூடாது. நானோ அலங்காரப் பிரியன். எங்களுக்குள் நடந்த சண்டை எல்லாம் பெயரடைகளைப் பற்றியதுதான்.

அந்த வருடத் தொடக்கத்தில் கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கப்பலில் ஏறி, எங்கெல்லாமோ கிடந்து, ஒன்றரை மாதம் கழித்து வந்து சேர்ந்தது. இயங்காத கிளைகளை மூடப் போகிறார்களாம். மூடாமல் இருக்க வேண்டுமானால் ஆண்டுக்குள் ஐந்து செயற்பாடுகள் நடந்திருக்க வேண்டும். ஐந்தில் ஒன்று, பொதுமக்கள் முன்னிலையில் கணினி ஒன்று நிரலொன்றை நிறைவேற்றிக் காட்டுவதாக இருக்க வேண்டும். அதைத் தலைமையகத்தார் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கிளையோடு கிளையின் பரீட்சை நிலையமும் போய்விடும்.

கிளை போனால் எங்களில் பன்னிரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரத் தேத்தண்ணிதான் போகும். ஆனால் சுபத்திராவுக்கு அப்படியில்லை.

சுபத்திரா மருதனார்மடத்துப் பிள்ளை. அங்கிருந்து சைக்கிளில் வருவாள். சங்கம் நடத்தும் டிப்ளோமாவின் முதல் இரண்டு பகுதிகளையும் கரண்ட் இருந்த காலத்திலேயே பாஸ் பண்ணிவிட்டாள். மூன்றாவது, கடைசிப் பகுதி மிச்சம். அந்த வருடத்துக்குள் எழுதாவிட்டால் பதிவுக்காலம் முடிந்து, முன்னர் பாஸ் பண்ணியதும் செல்லாது. கொழும்பில் போய் எழுதலாமே என்பீர்கள். தகப்பன் பாரிசவாதத்தில் படுக்கை, கீழே இரண்டு தங்கச்சிமார், வீட்டைப் பார்க்க வேறு ஆள் இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளாலிக் கடலில் வள்ளம் ஏறிப் போய், பரீட்சை எழுதி, அதே வழியால் திரும்பி வருவது அவளுக்கு நடக்கிற காரியம் இல்லை. யாழ்ப்பாணத்தில் நிலையம் இருந்தால் அவள் எழுதுவாள், இல்லாவிட்டால் நான்கு வருடப் படிப்பும் வீண். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

முதல் மூன்று செயற்பாடுகளும் இலகுவாக முடிந்தன. மாசியில் விரிவுரை. தரவுத்தளம் என்றால் என்ன என்பதை நான் ரியூட்டரிக்காரரின் குசினியில் போத்தல்கள் அடுக்கிய தட்டை வைத்து விளக்கினேன். மிளகாய்த்தூள் போத்தலில் மல்லித்தூள் இருந்ததால், விரிவுரை நான் நினைத்ததைவிட ஆழமாகப் போய்விட்டது. சித்திரையில் களப்பயணம். அலுவலகம் ஒன்றில் இன்னும் பிரிக்காத கணினி இருப்பதாகக் கேள்விப்பட்டு, பதின்மூன்று பேரும் சைக்கிளில் போய் அதன் பெட்டியைப் பார்த்தோம். பெட்டி நல்ல பெட்டி. வைகாசியில் பட்டிமன்றம், 'கணினியால் வேலைவாய்ப்புக் குறையுமா, கூடுமா' என்று. இரு பக்கமும் அனல் பறந்தது. பேசிய ஆறு பேரில் ஐந்து பேருக்கு வேலை இல்லை.

நான்காவதில்தான் நான் தலையைக் கொண்டுபோய் மாட்டினேன்.

பரமு அண்ணையிடம் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் ஒன்று இருந்தது. பெற்றோல் கிடைக்காத காலம் என்பதால், நாலு சொட்டுப் பெற்றோலில் இழுத்துவிட்டுப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார். அதில் ஒரு பழைய டைனமோவைப் பொருத்தினால் கணினியை ஓட்டலாம் என்று கணக்குப் போட்டார். எனக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. தலைமையகத்தார் வருவதற்கு முன் ஒருமுறை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

தலைவர் வந்து டைனமோவைச் சுற்றிப் பார்த்தார். "முதல் ஒரு பல்ப்பைக் கொழுவும். ஒரு மணித்தியாலம் எரியட்டும். பல்ப் ஒரே மாதிரி எரிஞ்சால் பேந்து பாப்பம்" என்றார்.

பல்ப்பைக் கொழுவினோம். அழகாக எரிந்தது. கரண்ட் பல்ப்பைக் கண்டு இரண்டு வருடமான சனம் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. ஐந்து நிமிடம் ஆயிற்று. தலைவர் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். "அண்ணை, பல்ப் நல்லாத்தானே எரியுது" என்றேன். பரமு அண்ணை, "உமக்கு விருப்பமெண்டால் எனக்கென்ன" என்றார். நான் கணினியைக் கொழுவிச் சுவிட்சைப் போட்டேன்.

திரையில் பச்சை எழுத்து வந்தது. சனம் கை தட்டியது. சுபத்திரா வாங்கிலிருந்து எழுந்து முன்னால் வந்து, விசைப்பலகையில் விரலை வைத்தாள். அவள் ஓடுகிற கணினி ஒன்றைத் தொட்டு இரண்டு வருடம். அந்த நேரம் மெசின் ஒருமுறை இருமி, பிறகு வெறி பிடித்தது மாதிரி இரைந்தது. பல்ப் வெள்ளையாக எரிந்து செத்தது. கணினிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பின்பக்கத்தால் புகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த தலைவர் புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் கிணற்றடிக்கே போய்விட்டார்.

அன்றைய குறிப்பில் நான், 'மின்வழங்கல் தொடர்பான செயல்முறைக் கலந்துரையாடல் சிறப்பாக நடைபெற்றது' என்று எழுதினேன். தலைவர் அதை ஒரே கோட்டில் வெட்டினார்.

"எழுதும். செயலாளர் அவசரப்பட்டார். புகை வந்தது."

"ஐயா, உது கொழும்புக்குப் போற அறிக்கை."

"ஓம். அவைக்கும் தெரியத்தானே வேணும்."

எழுதினேன். அதுவும் ஒரு செயற்பாடாகக் கணக்கில் சேர்ந்தது. ஆனால் எங்களிடம் இருந்த ஒரே கணினி செத்துவிட்டது. திருத்த வேண்டிய பாகம் குடாநாட்டுக்குள் வர அனுமதியே இல்லாத சாமான்களில் ஒன்று. ஐந்தாவது செயற்பாட்டை இனிக் கனவில்தான் செய்யலாம். சுபத்திரா என்னைக் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கூடச் சுட்டது.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். தலைவர் அந்தக் கொழும்புக் கடிதத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு, "கணினி ஒன்று நிரலொன்றை நிறைவேற்ற வேண்டும் எண்டு கிடக்கு. மின்சாரம் எண்டு ஒரு இடத்திலையும் இல்லை" என்றார். யாருக்கும் விளங்கவில்லை. அவருக்கும் அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

சுபத்திராதான் மெல்லக் கதைத்தாள். "சேர், நான் வீட்டிலை புரோகிராம் எழுதினால் தங்கச்சிமாரை வைச்சுத்தான் ஓட்டிப் பாக்கிறனான். ஆளுக்கொரு சிலேட் குடுத்து இருத்துவன். நான் சொல்லுறபடி எண்ணை அழிச்சு எழுதுவினம். பிழையிருந்தால் பிடிபடும். கொம்பியூட்டரும் உந்த வேலையைத்தானே செய்யுது?"

தலைவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எத்தினை கதிரை வேணும், பிள்ளை?"

இப்படித்தான் குடாநாட்டின் முதலாவது மனிதக் கணினி உருவானது. நினைவகம் என்று பத்துக் கதிரைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், கையில் சிலேட். இரண்டு எண்களை ஒப்பிட்டு எது பெரிது என்று சொல்பவர் பரமு அண்ணை. நிரலை சுபத்திரா ஆறு அட்டைகளில் எழுதியிருந்தாள். அட்டைகளை ஒழுங்குப்படி வாசித்து எல்லோரையும் நடத்தும் கட்டுப்பாட்டுப் பகுதி நான். ஒரு சுற்றில் எங்காவது இரண்டு சிலேட்டுகள் இடம் மாறினால் சிவப்புக் கொடியைத் தூக்குவது தலைவரின் வேலை. சுற்று முடியும்போது கொடி மேலே நின்றால் ஐந்தாவது அட்டையின்படி திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொடி கீழே இருந்தால்தான் ஆறாவது அட்டையை வாசிக்கலாம். ஆறாவது அட்டையில் 'நிறுத்து' என்று இருந்தது. இவ்வளவும் சேர்ந்து பத்து எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்க வேண்டும்.

தலைவர் ஒரு சட்டம் போட்டார். "கதிரையிலை இருக்கிற ஒருத்தரும் யோசிக்கக் கூடாது. கொம்பியூட்டர் யோசிக்கிறேல்லை. சொன்னதைச் செய்யிறது மட்டும்தான். நானும் கதைக்க மாட்டன்."

பதின்மூன்று பேரில் பாதி அன்றாடம் வேலை தேடி அலைவதால், நினைவகத்துக்கு அயலில் ஆள் சேர்த்தோம். ஒத்திகையில் ஒருநாள் இராணுவ ஹெலிகொப்டர் சத்தம் கேட்டு நினைவகம் முழுவதும் எழுந்து பங்கர் குழிக்குள் ஓடியது. திரும்பி வந்தபோது ஆளுக்கொரு கதிரையில் மாறி இருந்து, அடுக்கிய எண்களெல்லாம் கலைந்துவிட்டன. அன்றிலிருந்து ஆட்கள் ஓடலாம், சிலேட் கதிரையில் இருக்க வேண்டும் என்று விதி செய்தோம். உங்கள் காலத்தில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்து விலைக்கு விற்கிறார்கள்.

தலைமையகத்தார் ஐப்பசியில் வந்தார். கொக்குவிலில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர். தாய் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காக வந்திருந்தார். இராணுவம் நின்றதால் கீரிமலைக்கு யாரும் போக முடியாத காலம், வேறு கடற்கரையில் காரியத்தை முடித்துக்கொண்டு, மொட்டைத் தலையோடு ஞாயிறு மூன்று மணிக்கு ரியூட்டரிக்கு வந்தார். துக்கத்தில் இருப்பவரிடம் சிரிப்பை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவருடைய முகம் துக்கத்துக்கு முன்னரும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கையெழுத்து வைக்க வேண்டிய படிவத்தை ஒரு கோப்பில் வைத்திருந்தார்.

ரியூட்டரிக் கொட்டில் நிறையச் சனம். தலைமையகத்தார் கதிரைகளைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், கடிதத்தின் பிரதியை எடுத்து வாசித்தார். மின்சாரம் என்ற சொல்லைத் தேடினார் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை. "சரி, ஓட்டுங்கோ. ஆனால் எண்களை நான் தருவன்" என்றார். சிறிது யோசித்து, "இருக்கிறவை தங்கடை தங்கடை வயசை எழுதட்டும்" என்றார்.

பத்துப் பேரும் வயதை எழுதினார்கள். ஒரு ரீச்சர் எழுதிய எண்ணை நான் இன்றும் நம்பவில்லை. ஆனால் தந்த தரவை எடுப்பதுதான் எங்கள் வேலை.

நினைவகத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபரும் பலசரக்குக் கடை செல்லத்துரையும் இருந்தார்கள். இருவரும் பக்கத்து வளவு. வேலி அரை முழம் தள்ளிப் போட்ட விசயத்தில் பதினோரு வருடமாக முகம் பாராதவர்கள். வழக்கும் நடந்தது. அது தெரிந்து நான் ஒருவரை முதல் கதிரையிலும் மற்றவரைப் பத்தாம் கதிரையிலும் இருத்தியிருந்தேன். அன்று பார்த்து ஒரு ஆள் வராததால் கடைசி நேரத்தில் கதிரை மாற வேண்டி வந்து, இருவரும் ஆறிலும் ஏழிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நான் கவனிக்கவில்லை.

முதல் சுற்று நன்றாக ஓடியது. நான் அட்டையை வாசிக்க, பரமு அண்ணை ஒப்பிட்டுச் சொல்ல, சிலேட்டுகள் கை மாறின. தலைவர் கொடியைத் தூக்கினார். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. சின்ன வயதுகள் இடப்பக்கமும் பெரிய வயதுகள் வலப்பக்கமும் நகர்வதைக் கண்டு சனம் மெல்ல மெல்ல உசாராகியது. ஆறாம் சுற்றில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போது ஆறாம் கதிரையும் ஏழாம் கதிரையும் சிலேட்டை மாற்றின. கொடி எழும்பியது.

ஏழாம் சுற்று. திரும்பவும் ஆறும் ஏழும் மாற்றின. கொடி. எட்டாம் சுற்று. ஆறும் ஏழும். கொடி.

எட்டிப் பார்த்தேன். இரண்டு சிலேட்டிலும் அறுபத்துமூன்று என்று இருந்தது. அங்கே வந்து நின்ற அறுபத்துமூன்றுகள் இரண்டும் அந்த இருவருடையவைதான். ஒரு சிலேட்டில் தபால்காரக் குண்டெழுத்து, மற்றதில் கடைக்காரச் சாய்வெழுத்து.

மூன்றாவது அட்டையில், 'இடது எண் வலது எண்ணைவிடச் சிறியது இல்லை என்றால் மாற்று' என்று இருந்தது. சமமானால் சிறியது இல்லைத்தானே. அதனால் மாற்று. மாற்றினால் கொடி. கொடி நின்றால் திரும்ப முதலிலிருந்து. இதற்கு முடிவே கிடையாது. ஒத்திகை எல்லாவற்றிலும் நாங்கள் பத்து வேறு வேறு எண்களையே எழுதியிருந்தோம். சமமான இரண்டு எண் வரும் என்று பதின்மூன்று தொழிலர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நீங்கள் எழுதும் எதையும் சோதிக்கும்போது, ஒரே மாதிரியான இரண்டைப் போட்டுப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் தொழில்நுட்பம் என்று இருப்பது இது ஒன்றுதான்.

நினைவகம் யோசிக்கக் கூடாது என்ற சட்டத்தை அந்த இரண்டு பேரும் கடைப்பிடித்த மாதிரி யாரும் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள். ஒருவர் நிறுத்தினால் மற்றவருக்கு விட்டுக்கொடுத்ததாகிவிடும். தபாலதிபர் சிலேட்டை நீட்டுவார், செல்லத்துரை பறிப்பார். அடுத்த சுற்றில் செல்லத்துரை நீட்டுவார், தபாலதிபர் பறிப்பார். பன்னிரண்டாம் சுற்றில் செல்லத்துரை யாரையும் பார்க்காமல், "அந்த ஆளுக்கு எப்பவும் என்ரை பக்கத்துக்கு வரவேணும்" என்றார். "நினைவகம் கதைக்கக் கூடாது" என்று பரமு அண்ணை அதட்டினார். சனம் சிரிக்கத் தொடங்கியது. தலைமையகத்தார் மணிக்கூட்டைப் பார்த்தார். தலைவர் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கதைக்க மாட்டேன் என்று அவரே போட்ட சட்டம்.

நிறுத்தினால் செயல்விளக்கம் தோல்வி. படிவம் கையெழுத்தில்லாமல் கொழும்புக்குப் போகும், கிளை மூடும், சுபத்திராவின் நான்கு வருடம் போகும். ஏற்கனவே ஒரு கணினியைப் புகையாக்கியவன் நான். இரண்டாவதையும் என் கையால் சாகவிடுவதா? எண்கள் உண்மையில் சரியாகத்தானே அடுக்கியிருக்கின்றன என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். பதினாலாம் சுற்று முடிவில் கொடி மேலே நிற்க, நான் ஐந்தாவது அட்டையை விரலால் மறைத்துக்கொண்டு ஆறாவதை வாசித்தேன்.

"நிறுத்து."

சனம் எழுந்து நின்று கை தட்டியது. தபாலதிபரும் செல்லத்துரையும் சிலேட்டை மடியில் வைத்து இளைத்தார்கள். தலைமையகத்தார் கோப்பைத் திறந்து பேனையை எடுத்தார். கொடி இன்னும் மேலேதான் நின்றது.

சுபத்திரா சுவரோரம் நின்றாள். நிரல் எழுதியவள் இயந்திரத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதால் அவளுக்குக் கதிரை இல்லை. அந்தக் கொட்டிலில் கதைக்க உரிமை இருந்தது அவளுக்கு மட்டும்தான்.

"ஐயா, சைன் வைக்காதேங்கோ" என்றாள். "அது முடியேல்லை."

தலைமையகத்தார் நிமிர்ந்தார்.

"கொடி மேலை நிக்குது. கொம்பியூட்டர் எண்டால் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சேர் அஞ்சாம் அட்டையைத் தாண்டிட்டார்." அவள் ஒரு அடி முன்னுக்கு வந்தாள். "பிழை சேரின்ரை இல்லை. மூண்டாம் அட்டையிலை. அதை எழுதினது நான்."

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் செய்ததை, அவளே எல்லோர் முன்னாலும் பிடித்துக் கொடுக்கிறாள். அதனால் நட்டப்படப் போவதும் அவள்தான். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"ஏன் தாண்டினனீங்கள்?" என்று தலைமையகத்தார் என்னைக் கேட்டார்.

"யோசிச்சுப் போட்டன், ஐயா" என்றேன்.

அவர் சுபத்திராவின் பக்கம் திரும்பினார். "இப்ப என்ன செய்யப் போறீர்?"

அவள் மூன்றாவது அட்டையை என் கையிலிருந்து வாங்கினாள். பின்பக்கத்தில், 'இடது எண் வலது எண்ணைவிடப் பெரியது என்றால் மாற்று' என்று எழுதினாள். "பழையபடி கலைச்சு வைச்சு, திரும்ப ஓட்டுவம்" என்றாள். கதிரைக்காரர் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. சிலேட்டுகளைக் கலைத்தோம். அறுபத்துமூன்றுகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்ததும் பேசாமல் அப்படியே இருந்தன. கடைசிச் சுற்றில் தலைவரின் கொடி எழும்பவில்லை. நான் ஆறாவது அட்டையை வாசித்தேன். இந்த முறை சனம் கை தட்ட மறந்துவிட்டது.

தலைமையகத்தார் கையெழுத்து வைக்காமலே கோப்பை மூடினார். "உங்கடை அறிக்கையை அனுப்புங்கோ. நான் கண்டதை நான் எழுதுவன். இரண்டையும் வைச்சுப் பாப்பினம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே நான் குறிப்பு எழுதினேன். 'சிறு தடங்கலுக்குப் பின் செயல்விளக்கம் இனிதே நிறைவுற்றது.' தலைவர் வாசித்தார்.

"என்ன தடங்கல்?"

"ஐயா, அந்தாள் வேணுமெண்டால் எழுதட்டும். நாங்களே எங்கடை கையாலை எழுதிக் குடுத்தால் அந்தப் பிள்ளையின்ரை சோதினை போச்சு. ஒரு வரிதானே, விடுங்கோ."

"அந்தப் பிள்ளை எழும்பிச் சொன்னது. அது சொன்ன பிறகு, நாங்கள் சொல்லேல்லை எண்டால், நாங்கள் ஆர்?" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "கொடியைப் பிடிச்ச கை இன்னும் நோகுது, தம்பி. எழுதும்" என்றார்.

எழுதினேன். 'பதினான்காம் சுற்றின் முடிவில் கொடி உயர்ந்திருக்க, செயலாளர் ஐந்தாவது அட்டையைத் தாண்டி ஆறாவதை வாசித்தார். நிரலை எழுதியவர் அதைச் சுட்டிக்காட்டித் தன் பிழையைத் திருத்தினார்.' என் வாழ்க்கையில் நானாக எழுதிய வரிகளில் பெயரடை ஒன்றும் இல்லாதவை இந்த இரண்டும்தான். அறிக்கையைக் கொழும்பு போகும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் நான் நித்திரை கொள்ளவில்லை.

பதில் மார்கழியில் வந்தது. கதிரைகளும் சிலேட்டுகளும் கணினியாகுமா என்று அங்கே இரண்டு கூட்டம் போட்டார்களாம். நேரில் பார்த்தவரின் குறிப்பும் கிளையின் அறிக்கையும் வரிக்கு வரி ஒத்துப்போவதால், கிளை தொடரலாம், பரீட்சை நிலையம் அந்த ஆண்டுக்கு அனுமதிக்கப்படுகிறது, செய்முறைப் பகுதியைத் தாளில் எழுதலாம் என்று இருந்தது. கீழே இன்னும் ஒரு வரி. நிலையத்தின் மேற்பார்வையாளராகக் கிளைச் செயலாளரை நியமிக்க முடியாது.

தலைவர் அதைச் சத்தமாக இரண்டு தரம் வாசித்தார். பரமு அண்ணை சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

ஆண்டு முடிய ஐந்து நாள் இருக்கையில் பரீட்சை நடந்தது. பரீட்சார்த்தி ஒருத்தி, மேற்பார்வைக்குத் தலைவர். ஒரு ஆளுக்குத்தானே என்று அவர் விதியைக் குறைக்கவில்லை. மணி அடித்து, விதிமுறைகளை முழுதாக வாசித்து, தாளைக் கொடுத்தார். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. ரியூட்டரி வாசல் படலையடியில் அவளுடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் நின்றேன். தபாலதிபர் தெருவால் போனார். என்னைக் கண்டு நின்று, "பிள்ளை எழுதுதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். சற்று நேரத்தில் செல்லத்துரை கடையைப் பூட்டிவிட்டு வந்து மற்றப் பக்கம் நின்றார். மூவரும் உள்ளே பார்த்தபடி நின்றோம்.

மணி அடித்தது. அவள் வெளியே வந்தாள். விரலெல்லாம் மை.

"எப்பிடி, பிள்ளை?"

"எழுதிட்டன், சேர். ஒரு கேள்வியை மட்டும் விட்டிட்டன்."

"ஏன், நேரம் காணேல்லையோ?"

"நேரம் இருந்தது. விடை தெரியேல்லை."

"எதையாவது எழுதியிருக்கலாமே. பேப்பர் திருத்திறவை அரைப் புள்ளியாவது போடுவினம்" என்றேன். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் சிரித்தாள். அந்த வருடம் முழுவதிலும் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். என் கையிலிருந்து சைக்கிளை வாங்கி, "அப்பாவுக்குச் சாப்பாடு குடுக்க வேணும், நான் வாறன்" என்று சொல்லி ஏறிப் போனாள். அந்த ஒரு கேள்வி இல்லாமலே பாஸ் பண்ணுவாள் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பாஸும் பண்ணினாள். ஆனால் அது தெரிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. அன்று நான் வெறும் கையோடு படலையடியில் நின்று, அவள் சந்தி திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது. செல்லத்துரையும் தபாலதிபரும் அதைக் கண்டுவிட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.